தொட்டி செத்த நாள்

போன வாரம் பெரியவரை மேடையில் விட்டுவிட்டு வந்தோம். "எங்கள் குடியிருப்பில் ஒரு சொட்டுத் தண்ணீர்கூட வீணாவதில்லை! விருதுக் குழு வரும் நாளில், நாங்கள் சுத்திகரித்த தண்ணீரில்தான் நான் முகம் கழுவப் போகிறேன்!" என்று அவர் மைக்கைப் பிடித்துக்கொண்டு முழங்க, நானூறு பேர் கை தட்டினார்கள். கடைசி வரிசையில் ஒருத்தி மட்டும் தட்டவில்லை. அவருடைய தம்பி மனைவி, சின்னவள். அந்தத் தண்ணீரைச் சுத்திகரிப்பவளே அவள்தான்.

பசுமைக் குடியிருப்பு விருதுக்கான அந்தக் குழு வரும் நாள் இன்றைக்குத்தான்.

இடையில் வந்து சேர்ந்தவர்களுக்காக இரண்டு வார்த்தை. நான்கு கட்டடம், முந்நூற்று இருபது வீடு. அத்தனை வீட்டுக் குளியலறை, சமையலறை, கழிப்பறைத் தண்ணீரும் கீழ்த்தளத்துச் சுத்திகரிப்பு நிலையத்துக்கு இறங்கி, சுத்தமாகி, மறுபடி கழிப்பறைகளுக்கும் தோட்டத்துக்கும் ஏறுகிறது. ஆறு வருஷமாக அதை ஓட்டுபவள் சின்னவள். அவள் புருஷன் அதே குடியிருப்பில் எலெக்ட்ரீஷியன். பெரியவர் குடியிருப்போர் சங்கத் தலைவர், போதாக்குறைக்கு 'பசுமைச் செம்மல்'. அந்தப் பட்டத்தைக் கொடுத்த அமைப்புக்கும் அவரேதான் தலைவர். மூன்று பேரும் ஒரே வீட்டில்தான் இருக்கிறார்கள், வீடு பெரியவர் பெயரில். அவருடைய மனைவி, தங்கையின் பிரசவத்துக்கென்று போனவள், இரண்டு மாதமாகத் திரும்பவில்லை. கொடுத்து வைத்தவள்.

சின்னவளுக்கென்று இருப்பது ஒரே ஒரு சொத்து. ஆபரேட்டர் உரிமம். இரண்டு தடவை பரீட்சையில் தோற்று, மூன்றாவது தடவை வாங்கியது. அது போய்விட்டால் எந்தச் சுத்திகரிப்பு நிலையத்திலும் அவளை வாசற்படி மிதிக்க விடமாட்டார்கள்.

காலை ஆறு மணிக்குக் கீழ்த்தளத்துக் கதவைத் திறந்தபோதே அவள் மூக்கைச் சுருக்கினாள். வாசனை சரியில்லை. கழிவுநீர்த் தொட்டி நாறும் என்று நினைப்பவர்கள் அதன் பக்கத்திலேயே போகாதவர்கள். நன்றாக ஓடுகிற தொட்டியில் ஈர மண் வாசனைதான் வரும். இன்றைக்கு நீச்சல் குளத்து வாடை மூக்கைத் துளைத்தது.

ஓடிப்போய்த் தொட்டியை எட்டிப் பார்த்தாள். காற்றுக் குழாய்கள் வழக்கம்போல் குமிழி விட்டுக்கொண்டிருந்தன. ஆனால் தண்ணீர் காப்பி நிறத்தில் இல்லை. சாம்பல் நிறத்தில், மேலே அழுக்கு நுரை கட்டி நின்றது.

கண்ணாடி ஜாடியில் ஒரு லிட்டர் மொண்டு மேஜைமேல் வைத்தாள். தினமும் செய்கிற சோதனைதான். அரை மணியில் பழுப்புச் சேறு அடியில் படிந்து, மேலே தண்ணீர் தெளிந்து நின்றால் தொட்டி உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம். இன்றைக்கு அரை மணி ஆயிற்று, முக்கால் மணி ஆயிற்று, ஜாடி அரிசி கழுவின தண்ணீர் மாதிரி அப்படியே நின்றது.

தொட்டிக்குள் கோடிக்கணக்கான கிருமிகள். அழுக்கைத் தின்று தண்ணீரைத் திருப்பித் தருவது அவைதான். 'நம்ம ஆளுங்க' என்பாள் சின்னவள். லீவு கேட்காத, மேடையேறாத ஆட்கள். அத்தனையும் ஒரே ராத்திரியில் செத்திருந்தன.

முதலில் தோட்டத்துக்குப் போகும் வால்வை மூடினாள். குழந்தைகள் உருண்டு விளையாடும் புல்தரை அது. பிறகு கழிப்பறைகளுக்கான குழாயை நல்ல தண்ணீருக்கு மாற்றினாள். முந்நூற்று இருபது வீட்டுக் கழிப்பறையிலும் இன்றிலிருந்து குடிதண்ணீர் கொட்டும். நினைக்கவே அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

துடைப்பத்தோடு உள்ளே வந்த துப்புரவுக்கார அம்மா அவள் முகத்தைப் பார்த்துவிட்டு நின்றாள்.

"என்னக்கா, மருந்து அதிகமாயிடுச்சா?"

"என்ன மருந்து?"

"நேத்து சாயங்காலம் நீங்க வீட்டுக்குப் போனப்புறம் நாலு கட்டடத்துலயும் எல்லாக் கழிவுக் குழாய்லயும் பிளீச்சிங் பவுடர் கொட்டச் சொன்னாங்களே. பன்னெண்டு மூட்டை. குழு வர்ற நேரம் எங்கயும் நாத்தம் வரக் கூடாதாம்."

"யார் சொன்னது?"

"தலைவர்தான். நான் உங்களை ஒரு வார்த்தை கேட்டுக்கறேன்னேன். 'அவளை ஏன் கேக்கணும், நான் சொல்றேன்ல'ன்னு கத்தினார். ஸ்டோர் ரூமைத் தொறந்து மூட்டையை எடுத்துக் குடுத்தது..." அந்த அம்மா துடைப்பத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "உங்க வீட்டுக்காரர்."

சின்னவளுடைய புருஷன்தான். நேற்று இரவு பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டவர். "நாளைக்கு எல்லாம் நல்லபடியா நடக்கும், நீ கவலைப்படாம தூங்கு" என்று தட்டிக்கொடுத்தவர். அவள் ஜாடியை எடுத்துக்கொண்டு மாடி ஏறினாள்.

பெரியவர் ஷேவிங் செய்துகொண்டிருந்தார். குழாய் முழு வேகத்தில் திறந்து கிடந்தது. நீர் சேமிப்பைப் பற்றி நாற்பத்தொரு மேடையில் பேசிய மனிதர், தாடையின் ஒரு பக்கத்தை மழித்து முடிப்பதற்குள் இரண்டு வாளித் தண்ணீரைச் சாக்கடைக்கு அனுப்பியிருந்தார்.

"பன்னெண்டு மூட்டை பிளீச்சிங் பவுடர் கொட்டச் சொன்னீங்களா அத்தான்?"

"ஆமாம்மா! வாடை எப்படி? ஆஸ்பத்திரி மாதிரி பளிச்னு இருக்கா?"

"தொட்டி செத்துப் போச்சு."

"தொட்டி எப்படிச் சாகும்? கான்கிரீட்ல கட்டினதாச்சே!" தன் நகைச்சுவைக்குத் தானே சிரித்துக்கொண்டார்.

"உள்ள இருக்கற கிருமிங்க செத்துப் போச்சு."

"கிருமி செத்தா நல்லதுதானேம்மா!"

சின்னவள் அவரையே பார்த்தாள். இந்த மனிதரைத்தான் ஊர் கூப்பிட்டுக் கூப்பிட்டு மேடையேற்றுகிறது.

"அதுங்கதான் தண்ணியைச் சுத்தம் பண்ணுது. உங்க பேர்ல அச்சடிச்ச பசுமைப் புத்தகத்துல மூணாம் பக்கத்துலயே போட்டிருக்கே, 'கோடானுகோடி நுண்ணுயிர்கள் நம் தோழர்கள்'னு."

"அது நீ எழுதிக் குடுத்தது. அதை நான் எங்க படிச்சேன்?"

இதைச் சொல்லும்போது அவருக்குக் கூச்சநாச்சம் என்று ஒன்று வந்திருக்க வேண்டும். வரவில்லை. சின்னவள் கையை நீட்டிக் குழாயை மூடினாள். ஜாடியை அவர் மூக்குக்கு நேராகப் பிடித்தாள்.

"பாத்துக்குங்க. உங்க தோழர்கள்."

நுரை வழிந்த முகம் அப்போதுதான் வெளுக்கத் தொடங்கியது. "சரி பண்ண எவ்வளவு நேரம் ஆகும்?"

"மூணு வாரம்."

"பதினோரு மணிக்கு வர்றாங்கம்மா!"

"கிருமிங்ககிட்ட போய்ச் சொல்லுங்க. நீங்க கூப்பிட்டா வந்தாலும் வரும்."

இந்த விருதின் பின்னால் பெரியவருக்கு ஒரு நாற்காலி காத்திருந்தது என்பது வாசகர்களுக்குத் தெரியும். நகரத்தில் புதிதாக எழும்பும் குடியிருப்புகளுக்கெல்லாம் பசுமை ஆலோசகர். நாற்காலி நழுவுகிறது என்றதும் மனிதருக்கு மூளை வேலை செய்ய ஆரம்பித்துவிட்டது. ஒரு மணி நேரத்தில் பச்சை டை கட்டிக்கொண்டு, தட்டச்சு செய்த ஒரு காகிதத்தோடு கூடத்துக்கு வந்தார். பின்னாலேயே தம்பி, சாவிக்கொத்தை விரலில் சுற்றிக்கொண்டு, திருட்டு முழி முழித்துக்கொண்டு.

சின்னவள் காகிதத்தைப் படித்தாள். 'ஆபரேட்டராகிய எனது கவனக்குறைவால் நிலையத்தில் தவறான மருந்து கலந்துவிட்டது. இதற்கு நானே முழுப் பொறுப்பு.' கீழே அவள் கையெழுத்துக்கு ஒரு கோடு, தயாராக.

"சும்மா ஒரு காகிதம்" என்றார் பெரியவர். "தப்பு பண்ணினவங்களை உடனே தண்டிக்கிற சங்கம்னு நமக்குப் பேரு வரும். விருது போகாது."

"என் உரிமம் போகும்."

"போனா என்ன? மூணு மாசத்துல நான் வேற வாங்கித் தர்றேன்."

"அது உங்க பட்டம் மாதிரி இல்ல அத்தான். பரீட்சை எழுதணும்."

பெரியவர் முகம் சிவந்தது. தம்பி குறுக்கே வந்தார். "ஏம்மா, அண்ணன் இவ்வளவு சொல்றாருல்ல? குடும்ப மானம் போயிடும். ஒரு கையெழுத்துதானே?"

"நேத்து ராத்திரி பக்கத்துல உக்காந்து சாப்பிட்டீங்களே. ஒரு வார்த்தை சொன்னீங்களா?"

"சொன்னா நீ சண்டை போடுவே."

"போட்டிருப்பேன். போட்டுட்டு ஓடிப்போய் உள்ள வர்ற குழாயை மூடியிருப்பேன். பாதித் தொட்டியாவது பொழைச்சிருக்கும்."

அவர் சாவிக்கொத்தைச் சுற்றுவதை நிறுத்தினார். பதினோரு வருஷமாக இந்த மனிதரை 'சாது' என்று அக்கம்பக்கத்தில் சொல்லிக்கொண்டு திரிந்தது தான்தான் என்று நினைத்தபோது சின்னவளுக்கு வெட்கமாக இருந்தது. காகிதத்தை மேஜைமேல் வைத்துவிட்டுக் கீழே போனாள்.

குழு சொன்ன நேரத்துக்கு வந்தது. இரண்டு ஆண்கள், ஒரு பெண். ஆண்கள் இரண்டு பேரும் இறங்கியதிலிருந்து செல்போனில் படம் எடுத்துக்கொண்டே இருந்தார்கள். தலைவி வயதான பொறியாளர், கான்வாஸ் ஷூ போட்டிருந்தார், பேச்சு குறைவு.

பெரியவர் அவர்களைச் சுற்றிக் காட்டிய அழகை என்ன சொல்ல! வரவேற்பறை முழுக்க இருநூறு பூந்தொட்டிகள், நேற்று வாடகைக்கு வந்தவை. இரண்டு தொட்டிகளில் கடைக்காரரின் சீட்டுகூடக் கிழிக்கப்படவில்லை. மிதிவண்டி நிறுத்துமிடத்தில் ஆறு புது மிதிவண்டிகள், இருக்கைகளில் பிளாஸ்டிக் உறையோடு. மொட்டை மாடியில் பன்னிரண்டு சூரியத் தகடுகள். நான்குக்குத்தான் ஒயர் உண்டு, மீதி எட்டும் வெயில் காய்ந்துகொண்டிருந்தன. தெருமுனைக் கடைக்கே காரில் போகிற மனிதர், "நகரம் மூச்சு விட வேண்டும்" என்று கண்கள் கலங்கப் பேசினார். படம் எடுத்தவர்கள் அதையும் எடுத்தார்கள்.

"சுத்திகரிப்பு நிலையம் எங்க?" என்றார் தலைவி.

"அங்க கொஞ்சம் ஈரமா இருக்கும் மேடம். நீங்க வழுக்கிட்டீங்கன்னா..."

"ஷூ போட்டிருக்கேன்."

கீழே வந்ததும் அவர் செய்த முதல் காரியம் மூச்சை இழுத்தது. அடுத்து தொட்டியை எட்டிப் பார்த்தார். அடுத்து மேஜைமேல் இருந்த ஜாடியைக் கையில் எடுத்தார். சின்னவளுக்கு அந்தக் கணமே தெரிந்துவிட்டது, இவருக்குத் தொழில் தெரியும் என்று.

"லேசா கலங்கல்தான் மேடம்" என்று பெரியவர் முந்திக்கொண்டார். "மற்றபடி தண்ணி அருமையான தண்ணி."

"அப்படியா? இதுலதானே முகம் கழுவறதா மேடையில சொன்னீங்க?" ஜாடியை நீட்டினார் தலைவி. "கழுவுங்க."

செல்போன்கள் இரண்டும் பெரியவர் பக்கம் திரும்பின. பசுமைச் செம்மல் ஒரு அடி பின்னால் வைத்தார். பச்சை டை முடிச்சை இழுத்துவிட்டுக்கொண்டார். வியர்வை மட்டும்தான் அந்த முகத்தைக் கழுவியது.

"உண்மையைச் சொல்லிடறேன் மேடம்" என்று குரலைத் தாழ்த்தினார். பையிலிருந்து காகிதம் வெளியே வந்தது. "இந்தப் பொண்ணு தெரியாத்தனமா மருந்தை மாத்திக் கலந்துட்டா. என் சொந்தத் தம்பி பெண்டாட்டிதான். ஆனா சொந்தம் பார்த்தா பொது வேலை நடக்குமா? தப்பை எழுதியே குடுத்திருக்கா. கையெழுத்து ஒண்ணுதான் பாக்கி."

பேனாவையும் நீட்டினார். எல்லாரும் அவளைப் பார்த்தார்கள்.

போட்டுவிட்டால் இன்றைக்கு வீட்டில் நிம்மதியாகச் சாப்பிடலாம். புருஷன் முகத்தில் உயிர் வரும். உரிமம் போய், வாழ்நாள் முழுக்க அந்தச் சமையலறையில் பெரியவருக்கு உரை எழுதிக் கொடுத்துக்கொண்டு கிடக்கலாம். போடாவிட்டால் இருக்கும் வீடு போகும். சின்னவளுக்குப் பயம் இல்லாமல் இல்லை. ஆனால் அந்தக் காகிதத்தை நீட்டிய கையைப் பார்த்தபோது, இந்தக் கைக்கா பயப்படுகிறோம் என்று தோன்றியது.

"நான் கலக்கலைங்க" என்றாள். "நாத்தம் போகணும்னு பன்னெண்டு மூட்டை பிளீச்சிங் பவுடரைக் கழிவுக் குழாய்ல கொட்டச் சொன்னது இவர். ஸ்டோரைத் தொறந்து எடுத்துக் குடுத்தது இவர். என் வீட்டுக்காரர்."

"அபாண்டம்!" என்று பெரியவர் கத்தினார். "மேடம், பழியை வீட்டு ஆம்பளைங்க தலையில போடறா. டேய் தம்பி, நீயே சொல்லுடா!"

தலைவி எலெக்ட்ரீஷியன் பக்கம் திரும்பினார். "ஸ்டோர் சாவி உங்ககிட்டதான் இருக்கா?"

"ஆமாங்க."

"நேத்து மூட்டை எடுத்துக் குடுத்தீங்களா?"

அவர் அண்ணனைப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார். பிறகு மேலே எரிந்துகொண்டிருந்த டியூப் லைட்டைப் பார்த்தார், ஏதோ அதுதான் பதில் சொல்லப் போகிறது என்பதுபோல.

"எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க."

அழுகை வரும் என்று சின்னவள் பல்லைக் கடித்துக்கொண்டாள். வரவில்லை. வந்தது அருவருப்பு. அண்ணன் பக்கமாவது பேசியிருக்கலாம் இந்த மனிதர். அதற்குக்கூடத் துப்பில்லை.

தலைவி ஜாடியை மெதுவாக மேஜைமேல் வைத்தார். "விருது விஷயம் முடிஞ்சுது. வேற குடியிருப்பைப் பாருங்க" என்றார் தன்னுடன் வந்தவர்களிடம். பிறகு மூவரையும் பார்த்து, "ஒரு நிலையத்தைக் கொன்னிருக்கீங்க. யாருன்னு தெரிஞ்சாகணும். நான் இருக்கற உரிமக் குழு வெள்ளிக்கிழமை உக்காரும். மூணு பேரும் வரணும். அங்க சொல்றதை எழுதிக் கையெழுத்து வாங்குவாங்க, பொய்னு தெரிஞ்சா வழக்கு. அதுவரைக்கும் இதை யார் பார்த்துப்பா?" என்று கேட்டார்.

"நான்தாங்க" என்றாள் சின்னவள். "வேற யாருக்குத் தெரியும்?"

தலைவி தலையை ஆட்டிவிட்டுப் படியேறினார். பெரியவர் பின்னாலேயே ஓடினார். பாதிப் படியில் நின்று திரும்பி, பல்லுக்கிடையில் சொன்னார்: "இந்த வாரத்துக்குள்ள உன் துணிமணியை எடுத்துக்கிட்டு என் வீட்டை விட்டுக் கிளம்பிடு."

"குழாயை மூடிட்டுப் போங்க அத்தான்" என்றாள் அவள். "நான் மூடினதை மறுபடி தொறந்து விட்டிருப்பீங்க."

மத்தியானம் முழுக்க வேலை பெண்டை நிமிர்த்தியது. செத்த தண்ணீரில் பெரும்பங்கைக் கழிவுநீர் லாரிக்கு ஏற்றினாள். அடுத்த தெருக் குடியிருப்பின் ஆபரேட்டருக்குப் போன் போட்டாள். அவர் தன் தொட்டியிலிருந்து இரண்டு டிரம் பழுப்புச் சேற்றை வண்டியில் ஏற்றி அனுப்பினார். பாலுக்கு உறை ஊற்றுவது மாதிரிதான். இதிலிருக்கும் கிருமிகள் பெருகினால் தொட்டிக்கு மறுபடி உயிர் வரும். துப்புரவுக்கார அம்மா தானாக வந்து ஒரு கை பிடித்தாள். இரண்டு பேருமாக டிரம்மைச் சாய்த்தார்கள். சாம்பல் நிறத்தில் காப்பி நிறம் மெல்லக் கலந்தது.

நாலரை மணிக்கு எலெக்ட்ரீஷியன் வந்தார். கையில் சாப்பாட்டு டப்பா. துப்புரவுக்கார அம்மா அவரைப் பார்த்ததும் விருட்டென்று வெளியே போய்விட்டாள்.

"காலையிலேருந்து நீ சாப்பிடலையே" என்றார்.

"வெச்சுட்டுப் போங்க."

அவர் போகவில்லை. டப்பாவை மேஜைமேல் வைத்தார், நகர்த்தினார், மறுபடி நகர்த்தினார்.

"அண்ணன் கோபத்துல சொன்னாரு. நான் பேசிக்கறேன்."

"நீங்களா? பேசறதா?"

"அவர் என்னை வளர்த்தவரும்மா. அப்பா போனப்புறம் என்னைப் படிக்க வெச்சாரு, வேலை வாங்கிக் குடுத்தாரு. அவர் முகத்துக்கு நேரா எப்படி..."

"வளர்த்தாரு. எதுக்குன்னு இன்னைக்குத்தான் தெரிஞ்சுது."

அது அவருக்கு உறைத்தது. கண் கலங்கியது. இதே கண்ணீர் காலையில் வந்திருந்தால் சின்னவள் உருகியிருப்பாள். இப்போது அவள் கையுறையை மாட்டிக்கொண்டு இரண்டாவது டிரம்மின் மூடியைத் திருகினாள்.

"வெள்ளிக்கிழமை எழுதி வாங்குவாங்களாமே" என்றார் அவர். "அண்ணன் ஒண்ணு சொல்லச் சொல்றாரு. இந்தப் பக்கம் பாத்தா உன் உரிமம் போயிடும். எனக்கு ஒண்ணும் புரியலை. நீயே சொல்லும்மா. நான் அங்க என்ன சொல்லணும்?"

சின்னவள் நிமிர்ந்து அவரைத் தலையிலிருந்து கால் வரைக்கும் ஒருமுறை பார்த்தாள்.

"உண்மையைக்கூட நான்தான் எழுதித் தரணுமா?" என்று கேட்டுவிட்டு, தண்ணீரை இறைக்க நிறுத்தியிருந்த காற்று யந்திரத்தின் சுவிட்சைப் போட்டாள். அந்த இரைச்சலில் அவர் அதற்கு மேல் ஏதோ சொன்னார். அவள் காதில் விழவில்லை, என்னவென்று அவள் கேட்கவும் இல்லை.